ஒற்றுமைக் கமிட்டியின் தலைவி

"ஆண்டவர் ஆசீர்வதிப்பார், சகோதரி. செருப்பத் தட்டிட்டு ஏறுங்க, நேத்துதான் தரையக் கழுவினேன்." ஒத்தீலியா இடது கையால் சபையின் கதவைப் பிடித்திருக்கிறார். வலது கையால், கழற்ற மறந்து உள்ளே நுழையும் ஒரு பெரியவரின் தலையிலிருந்து தொப்பியை எடுத்து அவர் கையிலேயே கொடுக்கிறார். "ஆண்டவர் ஆசீர்வதிப்பார், சகோதரரே. தொப்பிக்குக் கீழ என்ன இருக்குன்னு அவருக்கும் தெரியட்டும்." அடுத்து வருபவரை ஏற இறங்கப் பார்க்கிறார். குரல் ஒரு படி இறங்குகிறது, மரியாதை ஒரு படி ஏறுகிறது. "வாங்க, நண்பரே."

இந்த 'நண்பரே' எங்கள் ஊரான சான் எவாரிஸ்தோவில் லேசான சொல் அல்ல. ஞானஸ்நானம் எடுத்துச் சபையில் சேர்ந்தவர்கள் எல்லாரும் சகோதரர், சகோதரி. இன்னும் இரட்சிக்கப்படாமல் வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் நண்பர்கள். "நம் நடுவே வந்திருக்கும் நண்பர்களை வரவேற்கிறோம்" என்று போதகர் சொன்னால், நரகத்துக்குப் போகிற வழியில் கொஞ்ச நேரம் இங்கே உட்கார வந்தவர்களே, வணக்கம் என்று பொருள். சந்தையில் யாராவது அழுகல் தக்காளியைச் சேர்த்துக் கட்டிவிட்டால் எங்கள் பெண்கள் கெட்ட வார்த்தை பேசமாட்டார்கள். "ரொம்ப நன்றி, நண்பரே" என்பார்கள். விற்றவர் முகம் செத்துவிடும்.

அந்தச் சொல்லை ஒத்தீலியா அளவுக்குக் கூர்மையாகப் பயன்படுத்த எவராலும் முடியாது. தம்முடன் பிறந்த ஒரே தங்கையை அவர் மூன்று வருடமாக அப்படித்தான் குறிப்பிடுகிறார்.

முழுப்பெயர் ஒத்தீலியா இஷ்கோய். அறுபதைத் தாண்டியவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை. எங்கள் மலையில் விடியற்காலைக் குளிர் எலும்பைப் பிடிக்கும்போது, பஸ் நிற்கும் இடத்தில் பெரிய பானையோடு உட்கார்ந்து சூடான சோளக்கஞ்சி விற்பார். தலைநகர் பஸ் வந்து நின்றதும் கூட்டம் பாயும். "ஒத்துமையா நில்லுங்க. ஒத்துமையா நின்னா எல்லாருக்கும் கஞ்சி உண்டு. தள்ளினா எனக்குக் கை நடுங்கும், உங்க டம்ளர்ல பாதிதான் விழும்." ஒற்றுமை என்ற சொல் இல்லாமல் ஒரு டம்ளர் கஞ்சி ஊற்ற அவருக்குத் தெரியாது. புருஷன் பெண்டாட்டி தகராறு என்று காதில் விழுந்தால் பானையை மூடிவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் போய்ச் சமாதானம் பேசிய வீடுகளில் சண்டை தீர்ந்ததா என்று கேட்காதீர்கள். இரண்டு பேரும் சேர்ந்து அவரைத் திட்டுவார்கள், அந்த வகையில் தீர்ந்துவிடும்.

ஜெபத்தில் எல்லாரும் இரண்டு கண்களையும் மூடுவோம். ஒத்தீலியா ஒன்றை மட்டும் மூடுவார். ஒரு முறை நானே கேட்டேன். "கண்ண மூடினா ஆண்டவர் தெரிவார், தம்பி. ஆனா யார் ஆமென் சொல்லலன்னு தெரியாதே" என்றார். நான் எலியாசார். சபையின் ஒலிபெருக்கி என் பொறுப்பு. கண்களை மூடிக்கொண்டு ஆமென் சொல்லாதவர்களில் நானும் ஒருவன் என்பது அவருக்குத் தெரியும்.

எங்கள் சபைக்கு 'ஒரே மந்தை சபை' என்று பெயர். தெருவுக்கு எதிர்ப்பக்கம், டயர் பழுதுபார்க்கும் கடைக்கு மேல்மாடியில் இருப்பது 'மெய்யான ஒரே மந்தை சபை'. அது எங்களிடமிருந்து பிரிந்து போனது. பிரிந்தது ஒற்றுமையைப் பற்றிய பிரசங்கத்தில்.

அன்றைக்குப் போதகர் கமாலியேல் நன்றாகவே பேசினார். பேசப் பேச அவருக்கே கண் கலங்கிவிட்டது. முடிவில், எல்லாரும் கைகோர்த்து ஒரே சங்கிலியாக நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் வழக்கத்தில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம், நடுவில் நடைபாதை. சங்கிலி இரண்டு பக்கமும் பெஞ்சு பெஞ்சாக வளர்ந்து நடைபாதைக்கு வந்து நின்றது. இந்த ஓரத்தில் ஒத்தீலியா. அந்த ஓரத்தில் சபை மூப்பர் சிரியாக்கோ, டயர் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கையைத் தேய்த்துக் கழுவித்தான் வந்திருந்தார். நகக்கண்ணில் இருக்கும் கறுப்பு மட்டும் எந்தச் சோப்புக்கும் போவதில்லை. அந்தக் கையை நீட்டினார்.

ஒத்தீலியா கையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு தம் சால்வையின் ஒரு முனையை உருவி அவரிடம் நீட்டினார்.

"சகோதரி, என் கையில என்ன முள்ளா இருக்கு?"

"கை நல்ல கைதான், சகோதரரே. விதவை பிடிக்கிற கை இல்ல. துணியப் பிடிச்சுக்குங்க, ஆண்டவருக்கு வித்தியாசம் தெரியாது."

சிரியாக்கோ துணியைத் தொடவில்லை. அப்போது பின் பெஞ்சிலிருந்து பாசீலியா, ஒத்தீலியாவின் தங்கை, அக்காவின் தோளுக்கு மேலே கையை நீட்டி சிரியாக்கோவின் கையைக் கெட்டியாகப் பிடித்தார். "சங்கிலி கேட்டாங்க. இந்தாங்க சங்கிலி. நானும் விதவைதான், எனக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

போதகர் அவசரமாக ஆமென் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் கைக்காரர்கள், துணிக்காரர்கள் என்று இரண்டு கட்சி இருந்தது. கைக்காரர்கள் துணிக்காரர்களை வெளிவேஷம் போடும் பரிசேயர் என்றார்கள். துணிக்காரர்கள் கைக்காரர்களை என்னவெல்லாம் சொன்னார்கள் என்பதை ஆராதனைக்குப் போகிறவன் எழுதக்கூடாது. மழைக்காலம் வருவதற்குள் சிரியாக்கோ தம் கடை மாடியில் பெஞ்சு போட்டுப் போதகராகிவிட்டார். பாதிச் சபை அவர் பின்னால் படியேறியது. பாசீலியாவும் ஏறினார். அன்று மாலையே அவர் ஒத்தீலியாவுக்கு நண்பர் ஆனார்.

அதற்குப் பிறகு என் வேலை கூடிவிட்டது. எதிர்மாடியில் கஞ்சிரா தட்டிப் பாட ஆரம்பித்தால் கமாலியேல் விரலை மேலே காட்டுவார், நான் சத்தத்தைக் கூட்டுவேன். அங்கேயும் ஒருவன் கூட்டுவான். ஒரு ஞாயிறு நடு ஜெபத்தில் மின்சாரம் போய்விட்டது. இரண்டு ஒலிபெருக்கியும் வாயடைத்துப்போக, எதிர்மாடியில் சிரியாக்கோ வெறும் தொண்டையில் ஜெபிப்பது தெளிவாகக் கேட்டது. சபைகள் ஒன்றாக வேண்டும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். எங்கள் போதகரும் அதற்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருந்தார். அவர் என் பக்கம் குனிந்து, "பாத்தியா, நம்ம தலைப்ப எடுத்துக்கிட்டாங்க" என்றார்.

அக்காவும் தங்கையும் இருப்பது ஒரே வீடு. அப்பா விட்டுப்போனதை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கிக்கொண்டார்கள். முற்றம் ஒன்று. முற்றத்தில் தண்ணீர்த்தொட்டி ஒன்று, அதன் இரு புறமும் துவைக்கும் கல். காலை வெயில் முற்றத்தில் கொஞ்ச நேரம்தான் விழும் என்பதால் இருவருமே அந்த நேரத்தை விட்டுக்கொடுப்பதில்லை. எதிரும் புதிருமாக நின்று துவைப்பார்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. கோழியிடம் பேசுவார்கள்.

"கோழியே, சிலர் துணிய அடிக்கிற அடியப் பாத்தா யார நெனச்சு அடிக்கறாங்கன்னு தெரியுது."

"கோழியே, அழுக்கு போகணும்னா அடிக்கத்தான் வேணும். சிலருக்கு அழுக்கு மனசுல இருக்கு, அத எந்தக் கல்லுல அடிக்கறது."

எங்கள் ஊரிலேயே அதிகம் புத்திமதி கேட்ட ஜீவன் அந்தக் கோழிதான்.

இப்படியே இன்னும் இருபது வருடம் போயிருக்கும், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் இந்த வருடம் பாசீலியா கோழியிடம் புதிதாக ஒன்று சொன்னார். தலைநகரில் இருக்கும் மகன் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான், வீட்டில் என் பாதியை விற்றுவிடப் போகிறேன் என்றார். வாங்கும் ஆள் இரண்டு முறை வந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டும் போனார்.

"போறவங்க போகட்டும், கோழியே. தலைநகர்ல நண்பர்களுக்கு நெறைய எடம் இருக்கு" என்றார் ஒத்தீலியா. அந்த வாரம் கஞ்சியில் சர்க்கரை போட மறந்தார். மறுநாளும் மறந்தார். பஸ் ஓட்டுநர்கள் ஒன்றும் பேசாமல் குடித்துவிட்டுப் போனார்கள். நான் சபையில் கம்பி மாற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, தலைநகருக்கு பஸ்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

"உங்களுக்குத் தெரியாதா? தெனமும் அந்த பஸ்ஸுக்குத்தான கஞ்சி ஊத்தறீங்க. எங்க, போகப் போறீங்களா?"

"நான் எதுக்குப் போறேன். கேக்கக் கூடாதா?"

இந்த ஊரில் அவருக்கு ரத்த உறவு என்று இருப்பது அந்த ஒரு நண்பர்தான். போகாதே என்று ஒரு சொல் சொன்னால் பாசீலியா நின்றுவிடுவார், ஊருக்கே தெரியும். அந்தச் சொல்லைச் சொன்னால் கைக்காரர்கள் ஜெயித்ததாகிவிடும் என்பது ஒத்தீலியாவுக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் தலைநகரின் பெரிய பிரசங்கியார் ஒருவரை எங்கள் போதகர் அழைத்தார். சிரியாக்கோவும் தனியாக அழைத்தார். வருகிறேன், ஆனால் உங்கள் ஊருக்கு ஒரே ஒரு கூட்டம்தான் என்று இருவருக்கும் ஒரே பதில் வந்தது. இப்படியாக ஆண்டவர் எங்களை ஒன்றாக்கினார். பள்ளிக்கூடத்தின் கூரை போட்ட விளையாட்டுத் திடலில் ஐக்கிய ஆராதனை என்று முடிவாகி, ஒற்றுமைக் கமிட்டி அமைக்கப்பட்டது. ஒற்றுமை என்றால் எங்கள் பக்கம் வேறு யார் பெயர் வரும். ஒத்தீலியா தலைவி. அவர்கள் பக்கத்திலிருந்து பாசீலியா. முதல் கூட்டம் முழுக்க, மேடையில் கட்டும் துணிப் பதாகையில் யார் பெயர் முதலில் என்பதில் போயிற்று. கடைசியில் நான் எழுதிக் கொடுத்ததை ஏற்றுக்கொண்டார்கள்: 'இரண்டு ஒரே மந்தைகளும் இணைந்து நடத்தும் ஐக்கிய ஆராதனை.' அதில் ஒருவருக்கும் குற்றம் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், எங்களில் பலரும் ஐக்கியத்துக்குச் சம்மதித்தது வயிற்றை நினைத்துத்தான். சபையில் விசேஷம் என்றால் தமால் வேண்டும். சோளமாவை வாழையிலையில் பரப்பி, செங்குழம்பு ஊற்றி, இறைச்சி வைத்து, மடித்துக் கட்டி ஆவியில் வேகவைப்பது. மாவுக்கு ஒத்தீலியா, குழம்புக்குப் பாசீலியா என்று அவர்கள் சிறுமிகளாக இருந்த காலம் முதல் பிரித்துக்கொண்ட வேலை. சபை உடைந்ததும் மாவு எங்களோடு தங்கியது, குழம்பு மாடியேறிவிட்டது. மூன்று வருடமாக நாங்கள் பஞ்சு போன்ற மாவில் சிவப்புத் தண்ணீரைத் தின்கிறோம். அவர்கள் அருமையான குழம்போடு செங்கல்லைத் தின்கிறார்கள். இதைப் பற்றி எந்தப் போதகரும் வாய் திறந்ததில்லை.

ஆராதனை நாள் காலை பள்ளிக்கூடத்து அடுக்களையில் நான் விளக்குக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். கோழி இல்லாததால் இருவரும் என்னிடம் பேசினார்கள்.

"தம்பி, அந்த நண்பர்கிட்ட சொல்லு, குழம்புல உப்பு பத்தல."

"தம்பி, நீ அந்த நண்பர்கிட்ட சொல்லு, உப்பு மாவுல இருக்கணும். ரெண்டுலயும் போட்டா திங்கறவன் கெணத்தத் தேடி ஓடுவான்."

"மாவுக்கு எவ்வளவு உப்புன்னு எனக்குப் பொறந்ததுலேர்ந்து தெரியும்னு சொல்லு."

"சொல்லு, தம்பி. பொறந்தப்பவே மாவு பெசஞ்சுட்டுத்தான் அழுதாங்களாம்."

நான் வயரை இழுத்துக்கொண்டே இருந்தேன். கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் இருவரும் நின்றார்கள். ஒத்தீலியா இலையில் மாவைப் பரப்பித் திரும்பிப் பார்க்காமலே தள்ளுவார். அது போய் நிற்கும் இடத்தில் பாசீலியாவின் கரண்டி ஏற்கனவே சாய்ந்திருக்கும். ஒரு இலைகூட நின்று காத்திருக்கவில்லை.

வேலை பாதி முடிந்தபோது பாசீலியா சொன்னார்: "வீடு வாங்கறவர் திங்கக்கெழம முன்பணத்தோட வர்றாராம், தம்பி. யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணும்னு இருந்தா அதுக்குள்ள சொல்லலாம்."

ஒத்தீலியாவின் கையில் இருந்த இலை கிழிந்தது. அதைக் கீழே போட்டு வேறொன்றை எடுத்தார். "எனக்கு என்ன சொல்ல இருக்கு. தண்ணித்தொட்டியில பாதி என்னோடதுன்னு சொல்லு. வர்ற ஆளு எனக்கு எதிர்ல நின்னு தொவச்சா தண்ணிய நிறுத்திடுவேன்."

"அவரும் கோழிகிட்ட பேசற ஆளா இருந்தா பரவாயில்லன்னு சொல்லு" என்றார் பாசீலியா.

கூட்டம் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு வந்துவிட்டது. ஒற்றுமையைப் பார்க்க வந்தவர்கள் கொஞ்சம், அடிதடியைப் பார்க்க வந்தவர்கள் மீதி. செய்த தமால் போதாது என்று தெரிந்ததும் இன்னொரு பானைக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு, பிரசங்கம் ஆரம்பித்த பிறகே இருவரும் வந்து உட்கார்ந்தார்கள். வழக்கம்போல் ஆண்கள் வலம், பெண்கள் இடம். போதாததற்கு எங்கள் சபை முன்னால், அவர்கள் சபை பின்னால். இரண்டாக இருந்த நாங்கள் ஐக்கியத்தின் புண்ணியத்தில் நான்கு துண்டாக உட்கார்ந்திருந்தோம். ஒத்தீலியா நடைபாதை ஓரத்தில். பாசீலியா நான்கு வரிசை பின்னால், அவரும் ஓரத்தில்.

பிரசங்கியார் நல்ல மனிதர். எங்கள் கதை எதுவும் அவருக்குத் தெரியாது, சொல்ல இரண்டு போதகர்களுக்கும் வாய் வரவில்லை. ஒற்றுமையைப் பற்றி அருமையாகப் பேசினார். பேசி முடித்துக் கண்களை மூடிக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு, "இப்பொழுது அன்பான சகோதர சகோதரிகள் யாவரும் கைகளைக் கோர்த்துக்கொண்டு ஒரே சங்கிலியாக நிற்போமாக" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. மேடையில் சிரியாக்கோ இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கமாலியேல் கூரையில் எதையோ தேடினார். மற்ற எல்லாத் தலைகளும் ஒத்தீலியா பக்கம் திரும்பின. அவர் கை சால்வை முனைக்குப் போனது. அதைப் பிடித்தார். விட்டார். பின்னால் திரும்பித் தங்கையைப் பார்த்தார். மூன்று வருடத்தில் நேருக்கு நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பிறகு எழுந்தார். "அடுப்புல பானை கெடக்கு" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். "எனக்கும்தான்" என்று பாசீலியா மறு கதவு வழியாகப் போனார்.

அக்காவும் தங்கையும் இல்லாத கூட்டம் தைரியம் பெற்றது. கையா துணியா என்று ஒரு குரல் கேட்டது. கைதான் என்றது பின்பக்கம். யார் வீட்டு வழக்கம் என்றது முன்பக்கம். பிரசங்கியார் கண்களைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டு, மறுபடி கேட்டுக்கொண்டார். இந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி இரைய ஆரம்பிக்க, அடுக்களையில் இருந்த இணைப்பைப் பார்க்க ஓடினேன்.

உள்ளே இருவரும் மேசைக்கு அருகருகே நின்று இரண்டாவது பானைக்கு இலை மடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தமெல்லாம் திடலில்தான். பாசீலியாவின் இரண்டு கைகளும் முழங்கை வரை செங்குழம்பு. மூக்கு அரித்திருக்க வேண்டும், சுளித்துப் பார்த்தார். தோளை உயர்த்திப் பார்த்தார், எட்டவில்லை. கீழுதட்டை மடித்து மேலே ஊதிப் பார்த்தார். "எலியாசார்" என்று ஆரம்பித்தார். நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். ஒத்தீலியா என்னை ஒரு பார்வை பார்த்தார், நின்றுவிட்டேன்.

ஒத்தீலியா ஒரு விரலைப் பாவாடையில் துடைத்தார். இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டித் தங்கையின் மூக்கைச் சொறிந்தார். பாசீலியா கண்களை மூடிக்கொண்டு, முகத்தை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக் கொடுத்தார்.